லூசெர்னில் லீனாவிடம் சொன்னது

2001 டிசம்பர் 20, வியாழக்கிழமை. காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு சூரிச்சில் இறங்கினோம். முந்தின நாள் சான் பிரான்சிஸ்கோவில் விமானம் ஏறி, நியூவார்க்கில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்து, அங்கிருந்து ஏழரை மணி நேரம் பறந்து வந்திருந்தோம். பம்பாய் விமானம் அன்றிரவு ஒன்பதே காலுக்கு. நடுவில் பதின்மூன்று மணி நேரம். மலிவான டிக்கெட் என்பதால் மாட்டிக்கொண்ட பதின்மூன்று மணி நேரம் அல்ல இது. நானாகக் கேட்டு வாங்கியது. இதற்காகவே சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் சுவிஸ் துணைத் தூதரகத்துக்கு இரண்டு முறை போய் எனக்கும் என் மனைவி ஃப்ளோராவுக்கும் விசா வாங்கியிருந்தேன்.

ஃப்ளோராவுக்கு சுவிட்சர்லாந்து காட்டுகிறேன் என்று நான் சொன்னது டெக்ஸாஸின் ரவுண்ட் ராக்கில் இருந்தபோது. லீனா அப்போது கைக்குழந்தை. கிரீன் கார்டு வரட்டும், அதன்பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றேன். டெக்ஸாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாறி, ஃப்ரீமான்ட்டில் ஆறு வருடம் ஓடியது. கிரீன் கார்டு வரவில்லை. ஆகஸ்ட் மாதம் எங்கள் கம்பெனியில் நான் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். குபெர்டினோவிலிருந்து சான் ஹோசே வரை ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. அக்டோபர் முதல் வாரத்தில் வக்கீல் போனில், இனி நீங்கள் இங்கே தங்குவதற்கு வழியில்லை என்று மரியாதையாகச் சொன்னார். பதினோரு வருடம் முடிந்தது. திருச்சிக்கே திரும்புவது என்று முடிவு செய்தோம். வழியில் ஒரு பகல் மட்டும் ஃப்ளோராவுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றலாம் என்று எனக்குத் தோன்றியது. அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

இதில் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. ஒன்பது வயதான எங்கள் மகள் லீனாவுக்கு நாங்கள் திரும்பிப் போகப் போவதில்லை என்பது தெரியாது. கிறிஸ்துமஸுக்குத் திருச்சிக்குப் போகிறோம், ஜனவரியில் வந்துவிடுவோம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். முதலில் ஹாலோவீன் கழியட்டும் என்று தள்ளினேன். அடுத்து தேங்க்ஸ்கிவிங். அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் அவளுடைய நாடகம். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் பேக்கர்ஸ் வந்து வீட்டுச் சாமான்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மாலையில் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மவுரி அவென்யூ பக்கத்தில் இருந்த நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். நாம் வேறு அபார்ட்மென்ட்டுக்கு மாறப் போகிறோம், சாமான் எல்லாம் ஸ்டோரேஜில் இருக்கிறது என்றேன். சாமான் கப்பலில் போய்க்கொண்டிருந்தது. அவள் நம்பினாள். நான் அவளிடம் அதுவரை பொய் சொன்னதில்லை, அதனால் நம்பினாள்.

சூரிச் விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம். கைப்பெட்டிகளை லாக்கரில் வைத்துவிட்டு, ஒன்பது மணி பத்து நிமிட ரயிலைப் பிடித்தோம். லூசெர்ன் சுமார் அறுபது கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பெட்டிக்குள் யாரும் உரக்கப் பேசவில்லை. வெளியே வயல்களில் ராத்திரி விழுந்த பனி அப்படியே கிடந்தது. அதன் நடுவில் கரிய ஆப்பிள் மரங்கள், ஓடு வேய்ந்த பெரிய மாட்டுக் கொட்டகைகள், ஒவ்வொரு ஊரிலும் ஒரு கூரான கோயில் கோபுரம். லீனா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வந்தாள். டெக்ஸாஸில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இவ்வளவு பனியை அவள் பார்த்ததில்லை. டிக்கெட் பார்க்க வந்தவர் அவளிடம் ஜெர்மனில் ஏதோ கேட்டார். அவளுக்குப் புரியவில்லை என்றதும் ஆங்கிலத்தில், எங்கிருந்து வருகிறாய் என்றார். “ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா” என்றாள் பெருமையாக. எதிரில் உட்கார்ந்திருந்த ஃப்ளோரா என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்தாள்.

பத்தரைக்கு லூசெர்ன். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே ஏரி. நான்கு கன்டோன்களின் ஏரி என்று பெயர். கன்டோன் என்றால் அவர்களுடைய மாநிலம். தண்ணீர் ஈயத்தின் நிறத்தில் அசையாமல் கிடந்தது. அக்கரை தெரியவில்லை. இந்த ஊருக்கு வருபவர்கள் முதலில் நிமிர்ந்து பார்ப்பது பிலாட்டஸ் மலையை என்று எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். கூரைகளுக்கு மேலே சாம்பல் நிற மேகம் தட்டையாகப் போர்த்தியிருந்தது. குளிர்காலத்தில் பல நாட்கள் இப்படித்தானாம். அன்று பகல் முழுவதும் மலை எங்களுக்குத் தெரியவே இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பார்த்தேன் என்று எழுதுபவர்கள் உண்டு.

ஏரி சுருங்கி ராய்ஸ் என்ற ஆறாக ஓடத் தொடங்கும் இடத்தில் அந்தப் புகழ்பெற்ற மரப் பாலம் இருக்கிறது. அறுநூறு வருடத்துக்கு மேல் பழையது. இருநூறு மீட்டர் நீளம். மேலே முழுக்க ஓட்டுக் கூரை. நேராகப் போகாமல் நடுவில் திரும்புகிறது. திரும்பும் இடத்துக்கு அருகில் ஆற்றுக்குள்ளேயே எட்டுப் பட்டை வைத்த கல் கோபுரம். ஒரு காலத்தில் சிறையாகவும் கஜானாவாகவும் இருந்ததாம். கூரைக்கு அடியில் முக்கோணப் பலகைகளில் ஊரின் வரலாற்றை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். எட்டு வருடத்துக்கு முன் பாலம் தீப்பிடித்து, பெரும்பகுதி எரிந்து, மறு வருடமே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். புது மரம் எது, பழைய மரம் எது என்று நிறத்திலேயே தெரிகிறது. ஓவியங்கள்தான் திரும்ப வரவில்லை. சில முக்கோணங்கள் கரிந்தபடி இருக்கின்றன. சில வெறுமையாக இருக்கின்றன. லீனா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள்.

பாலத்தின் மேலேயே சிறிய கடை ஒன்று. கழுத்தில் மணி கட்டிய, கைவிரல் நீள மரப் பசு ஒன்றை லீனா எடுத்தாள். ஒன்பது ஃபிராங்க். அவளுடைய சொந்த டாலரை நான் வாங்கிக்கொண்டு ஃபிராங்க் கொடுத்தேன். யாருக்கு என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஜென்னிக்கு. இரண்டாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்காருகிறவள். ஜனவரி ஏழாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கும்போது கொடுப்பேன் என்றாள். கடைக்காரப் பெண் அதைக் காகிதத்தில் சுற்றித் தந்தாள். ஃப்ளோரா என் முழங்கையைப் பிடித்து, “இன்னைக்குச் சொல்லிடுங்க” என்றாள், தணிந்த குரலில். நான் தலையை ஆட்டினேன்.

பாலம் முடிந்து கரையோரமாகப் போகும்போது, ஒரு உணவு விடுதியின் பின்வாசலில் வெள்ளைச் சமையல் அங்கி போட்ட ஒருவர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுத் திரும்பினார். “நீங்கள் தமிழோ?” என்று கேட்டார். அந்தக் குளிரில் அந்தக் கேள்வி எங்களை அப்படியே நிறுத்திவிட்டது. பெயர் பாலன் என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். வயது முப்பத்து மூன்று. பதினாறு வருடமாக இந்த நாட்டில். அந்தச் சமையல்கட்டில் மட்டும் பதினொரு வருடம். “பிள்ளைக்குக் குளிருது போல. உள்ளுக்கு வாங்கோ. கடை இன்னும் திறக்கேல்லை, ஒருத்தரும் இல்லை” என்று சமையல்கட்டை ஒட்டிய மேசைக்கு எங்களை அழைத்துப் போனார். எங்களுக்குக் காப்பி, லீனாவுக்குச் சூடான சாக்லேட். காசு கொடுக்கப் பார்த்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நேற்றைய ரொட்டி ஒரு பை நிறைய எடுத்து லீனாவிடம் கொடுத்து, வெளியே அன்னங்கள் இருக்கின்றன, போய்ப் போடு என்றார். ஃப்ளோராவும் அவளும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஜன்னல் வழியாக இருவரும் தெரிந்தார்கள்.

அவர் எங்களைப் பற்றிக் கேட்டார். அறிமுகமே இல்லாத அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி, வக்கீல், கப்பலில் போகும் சாமான். இரண்டரை மாதமாக மகளிடம் சொல்ல வராதது அங்கே தடையில்லாமல் வந்தது. “வேலை போயிடுச்சு. அமெரிக்காவை விட்டு மொத்தமாத் திரும்பிப் போறோம்” என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது பாலன் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். லீனா காலியான பையோடு நின்றாள். இன்னும் கொஞ்சம் ரொட்டி கிடைக்குமா என்று கேட்க வந்திருக்கிறாள்.

அவளுக்குத் தமிழ் புரியும்; கடைசி வாக்கியம் மட்டும் காதில் விழுந்திருந்தது. பேசுவது ஆங்கிலத்தில்தான். “அப்பா, வாட்ஸ் மொத்தமா?” என்று கேட்டாள்.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. மொத்தமா என்றால் எல்லாரும் சேர்ந்து என்று அர்த்தம், மூன்று பேரும் ஒன்றாகப் போகிறோம் என்று அங்கிளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தமும் உண்டு, அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. அவள் “ஓ” என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

பாலன் அவள் ஓடிய வாசலைப் பார்த்தார். “பிள்ளைக்குச் சொல்லேல்லையோ?” என்றார். இல்லை என்றேன். சொல்லுங்கள் என்றோ, சொல்ல வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. தன் கதையைத்தான் சொன்னார். எண்பத்தைந்தில் அவருக்குப் பதினேழு வயது. ஒரு வாரம் கொழும்பில் மாமா வீட்டில் இருந்துவிட்டு வா என்று அவருடைய அப்பா அனுப்பினாராம். இரண்டு உடுப்போடு போயிருக்கிறார். அங்கே மாமா பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் தயாராக வைத்திருந்தார். அப்பாவை அதன்பிறகு பார்க்கவில்லை. ஐந்து வருடம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தது. அந்த வீடும் இப்போது இல்லை.

“அப்பாவிலை கோவமில்லை, அண்ணை” என்றார். “சொல்லியிருந்தா நான் வெளிக்கிட்டிருக்க மாட்டன். அது அவருக்குத் தெரியும். ஆனா அண்டைக்குக் காலமை நான் வீட்டை வடிவாப் பாக்கேல்லை. பஸ்சுக்கு நேரமாச்செண்டு ஓடி வந்திட்டன்.”

வெளிக்கிடுவது என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் கிளம்புவது; வடிவா என்றால் நன்றாக, ஆற அமர. நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை லீனா வீட்டை விட்டு எப்படிப் புறப்பட்டாள் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு ஷூவில் கயிறு கட்டாமல், லஞ்ச் டப்பாவை ஒரு கையிலும் வாஃபிளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, காரின் ஹாரனை நான் அடித்ததும் ஓடி வந்தாள். கதவைக்கூட அவள் மூடவில்லை, ஃப்ளோராதான் மூடினாள். இனி என்ன சொன்னாலும் அந்தக் காலையை அவளுக்குத் திருப்பித் தர முடியாது.

விடைபெறும்போது பாலன் வாசல்வரை வந்தார். அவருக்கும் லீனா வயதில் ஒரு மகள் இருக்கிறாளாம், ஜெர்மன் பேசுவாளாம், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போக அழுவாளாம். “போறதுக்கு ஒரு ஊர் இருக்குதெல்லோ உங்களுக்கு” என்றார் என்னிடம். அதில் குத்தலோ பொறாமையோ இல்லை.

பன்னிரண்டரை மணி. ஆற்றின் தென்கரையில் ஏசு சபையினரின் கோயில்; இரண்டு கோபுரமும் வெங்காய வடிவத்தில் தலைப்பாகை கட்டியது போல இருக்கும். உள்ளே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூவேலை. யாரோ ஆர்கன் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். ஒரே வரியை நான்கைந்து முறை. லீனா மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். நடந்ததை ஃப்ளோராவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அக்டோபரிலேயே சொல்லிவிடுங்கள் என்றவள் அவள். பேக்கர்ஸ் வந்த அன்று, லீனாவின் படுக்கையைப் பிரித்த இடத்தில் தரையில் உட்கார்ந்து அழுதவளும் அவள்தான்.

“எனக்கு இந்த ஊர்ல எதுவும் மனசுல ஏறலைங்க” என்றாள். “அவ சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் முகத்தைத் திருப்பிக்கிறேன். நான் சொல்லமாட்டேன். நான் சொன்னா, அப்பா ஏன் சொல்லலைன்னு கேப்பா. நீங்களே சொல்லுங்க.”

மதியத்துக்கு நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டோம். மூன்று பேருக்கு முப்பத்தொரு ஃபிராங்க். இந்த நாட்டில் எதுவுமே விலை குறைவில்லை, வருபவர்கள் அதற்குத் தயாராக வரவேண்டும். பழைய ஊரில் சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய வீடுகள் நிற்கும் சதுக்கங்களைப் பார்த்துக்கொண்டே வடக்கே நடந்தோம். மேட்டில் ஊர் மதிலும் அதன் கோபுரங்களும் தெரிந்தன. குளிர்காலத்தில் மேலே ஏற விடுவதில்லை; கதவு பூட்டியிருந்தது. கடைத்தெருவில் கிறிஸ்துமஸ் விளக்குகள். சுட்ட செஸ்ட்நட் விற்பவரிடம் நூறு கிராம் பொட்டலம் வாங்கினோம். ருசி கிட்டத்தட்ட வேகவைத்த பனங்கிழங்கு மாதிரி.

ஊரின் புகழ்பெற்ற சிங்கச் சிலையை அடைந்தபோது மணி இரண்டு. செங்குத்தான மணற்பாறையைக் குடைந்து, அதற்குள் படுத்திருக்கும் ஒரு சிங்கத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆளுயரத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீளம். விலாவில் ஈட்டி முறிந்து நிற்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸில் மன்னனின் அரண்மனைக்குக் காவல் நின்று இறந்துபோன சுவிஸ் வீரர்களின் நினைவாகச் செய்தது. முன்னால் சிறு குளம், அதன் ஓரத்தில் உறைபனி. எங்களைத் தவிர ஒரு ஜப்பானியத் தம்பதி இருந்தார்கள், அவர்களும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லீனா பெஞ்சின் மேல் இருந்த பனியைக் கையுறையால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கு வலிக்கிறதா, அல்லது செத்துவிட்டதா என்று கேட்டாள். செத்துக்கொண்டிருக்கிறது என்று பலகையைப் படித்துச் சொன்னேன். ஃப்ளோரா குளத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றாள்.

நான் லீனாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“லீனா, நாம ஜனவரில திரும்பிப் போகல.”

அவள் என்னைப் பார்த்தாள். “ஃபிப்ரவரி?” என்றாள்.

“இல்லம்மா. இனிமே திருச்சியிலதான் இருக்கப் போறோம். அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. வேலை இல்லாம அங்க இருக்க விடமாட்டாங்க. அப்பா உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடது.”

அவள் உடனே அழவில்லை. கேள்விகளாகக் கேட்டாள். அவள் கேட்டது ஆங்கிலத்தில்; எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் தருகிறேன். எப்போது தெரியும்? அக்டோபரில். அம்மாவுக்கும் தெரியுமா? தெரியும். ஸ்டோரேஜில் என் சாமான் இல்லையா? இல்லை, கப்பலில் இருக்கிறது, திருச்சிக்கு வரும். காலையில் அந்த அங்கிளிடம் சொன்னது இதுதானா? ஆமாம். மொத்தமா என்றால் எல்லாரும் சேர்ந்து என்று சொன்னாயே என்றாள். நான் தலை குனிந்தேன்.

“அவர்கிட்ட சொன்னே. என்கிட்ட சொல்லல.”

அவள் அடுத்துச் சொன்னதுதான் என்னை உடைத்துவிட்டது. நான் எல்லாரிடமும் ஜனவரி ஏழாம் தேதி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன், இந்தியாவிலிருந்து வகுப்புக்குக் காட்ட ஏதாவது கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவர்கள் எல்லாம் இப்போது நான் பொய் சொன்னேன் என்று நினைப்பார்கள் என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். வீட்டைப் பற்றியோ தன் அறையைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. அது பின்னால் வரும் என்று எனக்குத் தெரியும். தோளைத் தொட்டேன், தள்ளிவிட்டாள். ஃப்ளோரா ஓடி வந்தாள். அவளையும் தள்ளிவிட்டாள். பிறகு எழுந்து எங்களுக்கு இருபதடி முன்னால், தனியாக, ஏரியை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

மூன்று மணிக்கு ஏரியில் ஒரு மணி நேரம் படகில் போவதாகத் திட்டம். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். கரையோர நடைபாதையில் இலையில்லாத மரங்களுக்குக் கீழே மூன்று பேரும் மூன்று இடத்தில் உட்கார்ந்திருந்தோம். படகு எங்கள் முன்னாலேயே விளக்கு போட்டுக்கொண்டு மூடுபனிக்குள் போய் மறைந்தது. ஏதாவது பேச வேண்டும் என்று, திருச்சியிலும் மலைக்கோட்டை பக்கத்தில் ஒரு தெப்பக்குளம் இருக்கிறது என்றேன். ஃப்ரீமான்ட்டில் லேக் எலிசபெத்தைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நடப்பது வழக்கம். முழுச் சுற்று இரண்டு மைல், அவள் ஸ்கூட்டரில் முன்னால் போவாள். நான் தெப்பக்குளம் என்றதும் அவளுக்கு நினைவு வந்தது அதுவாகத்தான் இருக்கும். அந்த இரண்டு தண்ணீரையும் ஒப்பிட்டுப் பேச எனக்குத் தகுதி இல்லை.

நான்கு மணி தாண்டியதும் இருட்டத் தொடங்கியது. நிலையத்தை அடுத்து தபால் நிலையம். லீனா மரப் பசுவை ஃப்ளோராவிடம் நீட்டி, இதை ஜென்னிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டாள். சிங்கத்துக்குப் பிறகு எங்களிடம் அவள் முதலில் பேசியது அதுதான். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு சிறிய அட்டைப்பெட்டி கொடுத்தார். விலாசத்தை லீனாவே எழுதினாள், ஜிப் எண் உட்பட, யாரையும் கேட்காமல். பிறகு, ஜென்னியிடம் பேச வேண்டும் என்றாள். கலிஃபோர்னியாவில் அப்போது காலை ஏழரை. பள்ளிக்குக் கிளம்பும் நேரம். பத்து ஃபிராங்குக்கு ஒரு போன் கார்டு வாங்கி, நிலையத்துக்குள் இருந்த கண்ணாடிக் கூண்டில் எண்களை நான் போட்டுக் கொடுத்தேன். உள்ளே இரண்டு பேர் நிற்க இடமில்லை. கதவு முழுக்க மூடாததால் அவள் பேசியது எனக்குக் கேட்டது.

ஜென்னியின் அம்மா எடுத்தார் போலிருக்கிறது. பிறகு ஜென்னி வந்தாள். ஹாய் என்று சொன்னதும் லீனா சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். சுவிட்சர்லாந்தில் இருக்கிறேன் என்றாள். பனி இருக்கிறது என்றாள். ஒரு பார்சல் வரும் என்றாள். பிறகு, ஜனவரியில் நான் வரவில்லை, நாங்கள் இனி இந்தியாவில் இருக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

“என் அப்பாவுக்கு அங்கே ரொம்ப நல்ல வேலை கிடைத்திருக்கிறது” என்றாள் லீனா. “இப்போதுதான் கிடைத்தது. அதனால்தான் யாருக்கும் தெரியாது.”

எனக்கு அங்கே எந்த வேலையும் கிடைத்திருக்கவில்லை. திருச்சியில் அண்ணன் வீட்டு மாடியில் இரண்டு அறை மட்டும் காலியாக இருந்தது. நான் சுவரில் ஒட்டியிருந்த ரயில் நேர அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றேன். சூரிச், பேர்ன், இன்டர்லாக்கன் என்று பெயர்கள் ஓடின; ஒன்றும் பதியவில்லை. அவள் வெளியே வந்து கார்டை என் கையில் கொடுத்தாள். முகத்தைக் கழுவ வேண்டும் என்று அம்மாவோடு போனாள்.

ஐந்து மணி பத்து நிமிட ரயிலில் திரும்பினோம். ஏரியைக் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று திரும்பினேன். பெட்டிக்குள் விளக்கு இருந்ததால் கண்ணாடியில் எங்கள் மூன்று முகம்தான் தெரிந்தது. லீனா அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். இவ்வளவு அழகான ஊருக்கு இனி வரமாட்டோம் என்று ஃப்ளோரா சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை, சும்மா ஒரு தகவலாகச் சொன்னாள். யாராவது லூசெர்னுக்குப் போகிறீர்கள் என்றால் கோடையில் போங்கள். மலை தெரியும். படகுகள் நிறைய ஓடும். மனதில் எதையும் மறைத்து வைத்துக்கொண்டு போகாதீர்கள், அந்தப் பாலத்தின் ஓவியங்களில் பாதியை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை பம்பாய். இறங்குவதற்கு முன் விமானத்தில் கொடுத்த சீட்டை லீனா தானே நிரப்பினாள். அமெரிக்க பாஸ்போர்ட் அவளுக்கு மட்டும்தான். பெயர், பிறந்த ஊர், விமான எண் எல்லாம் அச்சுப் போன்ற எழுத்தில் எழுதியிருந்தாள். இந்தியாவில் எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

குடியேற்றக் கவுன்ட்டரில் இருந்த அதிகாரி சீட்டைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். எவ்வளவு நாள் இருப்பாய் என்று ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார். லீனா என்னைச் சுட்டிக்காட்டினாள்.

“ஆஸ்க் ஹிம்” என்றாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. லீனா கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து என் வாயையே பார்த்தாள். இனிமேல் இங்கேதான் இருக்கப் போகிறோம் என்று சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.